மேலே போன உலக்கை

எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரத்தில், உரலுக்கு நேர் மேலே, கைமரத்தில் வைக்கோல் பிரிமணை ஒன்றைக் கவிழ்த்துக் கட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைத் திருஷ்டிப் பரிகாரம் என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த சின்ன மருமகள் ஒரு வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமமே வைத்துவிட்டாள். பாட்டி தடுக்கவில்லை. சாமி என்று சொன்னால் யாரும் பிடித்து இழுக்க மாட்டார்கள் பாருங்கள்.

விஷயம் இவ்வளவுதான். தாழ்வாரம் பெயருக்கு ஏற்றபடி தாழ்வு. பாட்டி நெட்டை, அவள் உலக்கை அதைவிட நெட்டை. தீபாவளிக்கு மா இடித்த ஒரு நாள் உலக்கை கீழே போனபோது ஒரு குறையும் நேரவில்லை; மேலே போனபோதுதான் பூண் கைமரத்தில் இடித்து, ஓடு உடைந்து, ஓட்டுச் சில்லு உரலுக்குள் விழுந்தது. அந்த வருஷத்து அதிரசத்தைக் கடித்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள் என்பதால் சொல்லாமல் விழுங்கினார்கள். மறுநாள் பாட்டி பிரிமணையைக் கட்டினாள். அதற்குப் பிறகு உலக்கை மேலே போனால் ‘பொத்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கூடவே பிரிமணை அதைக் கொஞ்சம் கீழே தள்ளியும் விட்டது. கை வலி குறைந்ததாகப் பாட்டி சொன்னாள்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் ஸ்மித்தி என்ற கொல்லுப் பிரிவில் வேலை பார்த்த மாமா (பாட்டிக்கு மாப்பிள்ளை, எனக்கு அத்தை வீட்டுக்காரர்) பண்டிகைக்கு வந்தபோது அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அத்தை, இதுக்கு இங்கிலாந்துல ஒருத்தன் 1842லயே பேட்டன்ட் வாங்கிட்டான்.”

“வாங்கிக்கட்டும் மாப்பிள்ளை. அவன் வீட்டு ஓடு அவன் பாடு. நீங்க காப்பியைக் குடிங்க.”

அந்த இங்கிலாந்துக்காரன் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் தஞ்சாவூர்க்காரன் இரும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கீழவாசல் பீரங்கி மேட்டில் ஏறி இறங்காமல் போக முடியாது. ஊர்க் கட்டுப்பாடு மாதிரி அது.

மேட்டில் இருப்பவர் ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்துச் சரக்கு. ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன் எடை. நானூறு வருஷமாக வெயிலிலும் ஐப்பசி மழையிலும் படுத்துக் கிடக்கிறார், பெரிதாகத் துருவேறவில்லை. இதைப் பார்த்துவிட்டு “வார்த்து எடுத்தது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கான்பூர் ஐஐடியின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்ரமணியமும் கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து 2004இல் கட்டுரை எழுதினார்கள்: இது அடித்துச் சேர்த்தது. நீள நீளமான இரும்புப் பட்டைகளைப் பீப்பாய் மாதிரி வட்டமாக நிறுத்தி, அதன்மேல் வளையம் வளையமாகப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, ஒன்றோடொன்று ஒட்டும்வரை அடித்திருக்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு வேலை புரியும். அதையே யானை அளவுக்கு யோசித்துக்கொள்ளவும்.

எதால் அடித்தார்கள்? சம்மட்டியால். யார்? கொல்லர்கள். நாயக்கர் பெயர் கல்வெட்டிலும் காவியத்திலும் இருக்கிறது, அவர் வீணை வாசித்தது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். சம்மட்டி பிடித்த ஒருத்தர் பெயரும் இல்லை. 1620இல் தரங்கம்பாடியை டென்மார்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த விவகாரத்துக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதிய அரசாங்கம், பீரங்கி செய்தவர்களுக்கு ஓலை நறுக்கில்கூட ஒன்றும் எழுதி வைக்கக் காணோம். பிற்பாடு சிலர் வந்து, “டென்மார்க்காரன் சொல்லிக்கொடுத்துத்தான் செய்திருப்பார்கள்” என்று பேச அதுவும் வசதியாகப் போயிற்று. கடலில் ஒன்றரை வருஷம் அல்லாடி, பாதிப் பேரைப் பறிகொடுத்து, மிளகு கிடைக்குமா என்று வந்து நின்றவர்கள் இறங்கின கையோடு நமக்கு உலை மூட்டக் கற்றுக்கொடுத்தார்களாம். இருக்கட்டும்.

கொல்லுப்பட்டறையில் ஒரு அழகு உண்டு. மூத்தவர் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியால் ‘டிங்’ என்று ஒரு இடம் காட்டுவார். சம்மட்டிக்காரர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ அந்த இடத்தில் மாறி மாறிப் போடுவார்கள். டிங், டொம். டிங், டொம். கீழே விழும்போது சம்மட்டி தன் எடையிலேயே விழுகிறது. தூக்குவதுதான் வேலை. தூக்கியதைத் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னே போய்விடாமல், பக்கத்தில் நிற்கிறவன் மண்டையில் இறங்காமல் நிறுத்துவது அதைவிடப் பெரிய வேலை. அதைத் தோள்பட்டை செய்தது. ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளும்போதுதான் அந்த உறுப்பு இருப்பதே தெரியும். கூலி அடிக்குத்தான், தூக்குவதற்கும் நிறுத்துவதற்கும் எந்த ராஜாவும் தனியாகக் கொடுத்ததில்லை.

ஐரோப்பாவில் இந்தத் தோள்பட்டைச் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீரைப் பிடித்தார்கள். தண்ணீர்ச் சக்கரம் சுற்றும். அதன் பற்கள் ஒரு நீளமான மரக்காம்பின் வாலை அமுக்கும். காம்பின் தலையில் உள்ள சம்மட்டி எழும்பும். பல் நழுவியதும் பொத்தென்று விழும். நம் ஊரில் இது நடக்காது. அதற்கு ஆறு உயரத்திலிருந்து குதித்து வர வேண்டும். காவிரி தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் நுழையும்போது ரிட்டையரான தாசில்தார் மாதிரி நடக்கும். அதன் தலையில் சம்மட்டியைக் கட்டினால் சம்மட்டிதான் தூங்கும்.

அந்த மரக்காம்புச் சம்மட்டிக்கு மேலே ஒரு தடியான உத்தரத்தைக் குறுக்கே வைத்திருந்தார்கள். எழும்பும் காம்பு அதில் போய் முட்டும். உத்தரம் வில் மாதிரி வளைந்து, வேகத்தை வாங்கிக்கொண்டு, திருப்பிக் கீழே உதைக்கும். எங்கள் பாட்டியின் பிரிமணைக்கு ஐரோப்பிய ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். பல நூறு வருஷம் இந்த உத்தரம் மேலடியையெல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது.

பிறகு கப்பல்காரர்கள் வந்து கெடுத்தார்கள். இசம்பார்ட் புரூனெல் என்று ஒரு பொறியாளர். சின்னதாக எதையும் யோசிக்கத் தெரியாத மனுஷர். ‘கிரேட் பிரிட்டன்’ என்ற அவருடைய கப்பலில் பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் வைப்பதாக முதலில் ஏற்பாடு. அதற்கு முப்பது அங்குலம் விட்டமுள்ள ஒரு இரும்புத் தண்டு வேண்டும். நாடு முழுக்க விசாரித்தார்கள். எல்லாப் பட்டறைக்காரரும் கையை விரித்தார்கள். காரணம் வேடிக்கையானது. மரக்காம்புச் சம்மட்டி எழும்புவதே கொஞ்சம் உயரம்தான். கீழே வைக்கிற இரும்பு பெரிதாகப் பெரிதாக, சம்மட்டி விழ இடம் குறையும். பெரிய இரும்புக்குப் பெரிய அடி வேண்டும். ஆனால் இரும்பு பெரிதானால் அடி தட்டிக்கொடுப்பதாக மாறிவிடும். நிலம் நிறைய இருக்கிறவனுக்குத்தான் கடன் கிடைக்கும் என்பதற்கு நேர் எதிர்.

கேட்டுக் கடிதம் வந்தது ஜேம்ஸ் நாஸ்மித்திடம். எடின்பரோவில் ஓவியர் அலெக்சாண்டர் நாஸ்மித்துக்குப் பிறந்த பிள்ளை. மான்செஸ்டர் பக்கம் பாட்ரிகிராஃப்டில் பட்டறை வைத்திருந்தார். 1839 நவம்பர் 24ஆம் தேதி தன் திட்ட நோட்டில் ஒரு படம் போட்டார்: நின்றவாக்கில் ஒரு உருளை, அதற்குள் பிஸ்டன், பிஸ்டன் தண்டின் அடியில் சம்மட்டி. அடியில் நீராவி விட்டால் எழும்பும். நீராவியைத் திறந்துவிட்டால் விழும். அரை மணி நேரத்தில் வரைந்து முடித்ததாகச் சுயசரிதையில் எழுதிக்கொண்டார். சுயசரிதையில் எல்லோருக்கும் அரை மணி நேரம்தான் ஆகும்.

யோசனை அவருக்கு மட்டும் வந்ததாகவும் சொல்ல முடியாது. ஜேம்ஸ் வாட் 1784லேயே தன் பேட்டன்டில் நீராவிச் சம்மட்டிக்கு ஒரு துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். 1806 ஜூனில் வில்லியம் டெவெரெல் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், பிஸ்டன் எழும்பும்போது மேலே உள்ள காற்று அமுங்கட்டும், பிறகு அந்தக் காற்றே அதைக் கீழே தள்ளட்டும் என்று எழுதிப் பதிந்தார். அதற்கடுத்த மாதம் இங்கே வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள், அமுங்கிய காற்று என்ன செய்யும் என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேறு விதமாகச் செய்து காட்டினார்கள். தஞ்சாவூரில் அப்போது இரண்டாம் சரபோஜி. ராஜ்யத்தை 1799லேயே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டதால் அவருக்கு நேரம் தாராளமாக இருந்தது. புத்தகம் சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார், கண் வைத்தியம் பார்த்தார். நெப்போலியன் தோற்றதற்காகக் கடற்கரையில் மனோரா என்று எட்டு நிலைக் கோபுரம் கட்டினார். தோற்றவருக்கு அது தெரியாது. ஜெயித்தவர்கள் கேட்கவும் இல்லை. இப்படிப்பட்டவர் கையில் டெவெரெலின் காகிதம் கிடைத்திருந்தால் கீழவாசலில் புகைபோக்கி எழும்பியிருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. கிடைக்கவில்லை.

நாஸ்மித்தின் படத்துக்கு வருவோம். அவர் வரைந்து முடித்த பிறகு கப்பல்காரர்கள் மனசை மாற்றி, துடுப்புச் சக்கரம் வேண்டாம், பின்னால் சுழலும் விசிறி போதும் என்று முடிவு செய்தார்கள். தண்டும் வேண்டாம், சம்மட்டியும் வேண்டாம். பெண் பார்த்துவிட்டுப் போய்க் கடிதம் போடாத மாப்பிள்ளை வீடு மாதிரி ஆயிற்று. நாஸ்மித் நோட்டை மூடி வைத்தார். ஆனால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிற வழக்கம் அந்தப் பட்டறையில் இருந்தது. பிரான்சிலிருந்து ஷ்னைடர், பூர்தோன் என்று இரண்டு பேர் வந்தபோது முதலாளி ஊரில் இல்லை. கூட்டாளி நோட்டை விரித்துக் காட்டினார். 1842இல் நாஸ்மித் அவர்களுடைய லெ க்ரூசோ பட்டறைக்குப் போனார். அங்கே ஒரு பெரிய கிராங்கைப் பார்த்து, எப்படி இவ்வளவு சுத்தமாக அடித்தீர்கள் என்று கேட்டார். உங்கள் நீராவிச் சம்மட்டியால்தான் என்றார் பூர்தோன். உள்ளே போனால் தன் நோட்டுப் புத்தகம் எழுந்து நின்று இடித்துக்கொண்டிருக்கிறது! விழுந்தடித்து ஊர் திரும்பியவர் மைத்துனரிடம் பணம் வாங்கி அந்த ஜூன் மாதமே பேட்டன்ட் பதிந்தார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் பூர்தோன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அது அவர்கள் வீட்டு ஓடு.

இப்போது பாட்டியின் பிரச்சினை. நீராவி தோள்பட்டை இல்லாத சம்மட்டிக்காரன். தூக்கு என்றால் தூக்கும். போதும் என்றால் காதில் விழாது. டன் கணக்கில் இரும்பு வேகமெடுத்து மேலே போகும்போது வால்வை மூடினால்கூட, உள்ளே உள்ள நீராவி விரிந்துகொண்டே இன்னும் கொஞ்சம் தள்ளும். இரும்புக்கும் தன் ஓட்டம் இருக்கும். மேலே இருப்பது உருளையின் மூடி. பிஸ்டன் அதில் போய் முட்டினால் முதல் நாள் போல்ட் தளரும். இரண்டாம் நாள் மூடி கூரைக்குப் போகும். மூன்றாம் நாள் கடையை மூட வேண்டியதுதான்.

நாஸ்மித் செய்தது என்னவென்றால், மூடிக்குச் சற்றுக் கீழே உருளையில் வரிசையாகத் துளைகள் போட்டார். பிஸ்டன் ஏறும்போது மேலே உள்ள காற்று அந்தத் துளைகள் வழியே புஸ்ஸென்று வெளியேறும். பிஸ்டன் துளைகளைத் தாண்டிவிட்டால் மீதிக் காற்றுக்குப் போக்கிடம் கிடையாது. அது அமுங்கும். இடம் பாதியானால் அழுத்தம் இரட்டியாகும் என்று விஞ்ஞானி பாயில் 1662லேயே சொல்லி வைத்திருக்கிறார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்த பையன்களுக்குப் பாயில் தேவையில்லை. எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு முறைக்கும். அதே சமயத்தில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள நீராவி அந்தத் துளைகள் வழியாகவே தப்பித்துப் போகும். தள்ளுகிறவன் ஓடிப்போனான், தடுக்கிறவன் நெஞ்சை நிமிர்த்தினான். சம்மட்டி மூடியைத் தொடாமல் நிற்கும். நின்றதோடு போகாமல், அமுங்கிய காற்று அதைக் கீழே உதைத்து அனுப்பும். அந்த உதை அடுத்த அடியில் போய்ச் சேரும்.

இதில் எனக்குப் பிடித்தது செலவுக் கணக்கு. ஸ்பிரிங் வைத்தால் உடையும். ரப்பர் வைத்தால் சூட்டில் உருகும். பிரிமணை வைத்தால் ஆறு மாதத்தில் எலி கூடு கட்டும். காற்றுக்குத் தேய்மானம் இல்லை, வாடகை இல்லை, சம்பளக் கமிஷன் இல்லை. துளை போட்ட கூலி மட்டும்தான்.

பிறகு நாஸ்மித்துக்குப் புகழ் வந்தது. வந்தவர்களுக்கு வித்தை காட்டினார்: ஒயின் கிளாஸில் ஒரு முட்டையை நிறுத்தி வைத்து, டன் கணக்கான சம்மட்டியை இறக்கி, கிளாஸுக்குக் கீறல் விழாமல் முட்டை ஓட்டை மட்டும் உடைப்பது. கோழி முட்டையை உடைக்கப் பாய்லரைச் சூடாக்கிய ஒரே தேசம் அது. கூட்டம் முட்டையைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தது. மேலே மூடிக்குக் கீழே இருந்த காற்றை ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவருடைய பட்டறையின் மேனேஜர் ராபர்ட் வில்சன் 1843இல் வால்வு அமைப்பைச் சீர்திருத்தி, சம்மட்டி தானாகவே நிதானமாக இடிக்கும்படி செய்தார். சுயசரிதையில் அவருக்குக் கிடைத்த இடம் பந்தியில் கடைசி இலை. நாஸ்மித் நாற்பத்தெட்டு வயசில் தொழிலை விட்டுவிட்டுத் தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்க்க உட்கார்ந்தார். மேலே பார்க்கும் பழக்கம் போகவில்லை.

பின்னால் வந்தவர்கள் எடை மட்டும் போதாது என்று மேலேயிருந்தும் நீராவி விட்டு அமுக்கினார்கள். அப்போது மேலே காற்றுக்கு இடமில்லை. அதற்கும் வழி கண்டார்கள்: பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே வெளியேறும் வாசலைச் சாத்திவிடுவது. பந்தி முடிந்து கிளம்புகிற கூட்டத்தில் கடைசி நாலு பேர் இருக்கும்போதே கதவைச் சாத்தினால் அந்த நாலு பேர் கதவை என்ன பாடு படுத்துவார்கள்? அந்த மிச்ச நீராவிதான் மெத்தை. இப்படி மேலே பத்திரமானதும் கீழே கனம் கூடிக்கொண்டே போனது. 1877இல் லெ க்ரூசோவில் நின்ற சம்மட்டி நூறு டன். நம் ராஜகோபாலரைப் போல நாலரைப் பேர்.

நம் காவிரி டெல்டாவுக்கு நீராவி நெல்லுக்காக வரவில்லை, ரயிலாக வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1860களின் தொடக்கத்தில் பாதை போட்டது. 1874இல் அது சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று. நாகப்பட்டினத்தில் பட்டறை. நீராவி எஞ்சினைப் பழுது பார்க்கிற இடத்தில் ஸ்மித்தி ஷாப் உண்டு. ஸ்மித்தி என்றால் ஸ்டீம் ஹாமர் உண்டு. கப்ளிங், கொக்கி, இணைப்புத் தண்டு என்று அந்தக் காலத்து ரயிலில் இழுபடுகிற எதையும் வார்த்து நம்ப முடியாது, அடித்துத்தான் நம்ப வேண்டும். 1920களின் பிற்பாதியில் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துப் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள்.

இடம் மாறும்போது ரயில்வே கம்பெனிக்கு ஒரு யோசனை தோன்றியது: ஆட்களைக் குறைப்போம், மிச்சம் உள்ளவர்களுக்குத் தொழில் தேர்வு வைப்போம். இருபது வருஷம் இரும்படித்தவனைக் கூப்பிட்டு, உனக்கு இரும்படிக்கத் தெரியுமா என்று கேட்பது. அழுத்தம் மேலே மேலே ஏறியது. துளை ஒன்றும் போட்டு வைக்கவில்லை. 1928 ஜூலையில் சவுத் இந்தியன் ரயில்வே முழுக்க வேலை நிறுத்தம். மூடி கூரைக்குப் போயிற்று. கம்பெனியும் சர்க்காரும் சேர்ந்து, தப்பு மூடியில் இல்லை, நீராவியில்தான் என்று கண்டுபிடித்துத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலரை உள்ளே போட்டார்கள்.

மாமா இதெல்லாம் கழிந்து வெகுகாலத்துக்குப் பிறகு ஸ்மித்தியில் சேர்ந்தவர். அவர் சொல்லும் ஸ்டீம் ஹாமரில் கதாநாயகன் இரும்பைப் பிடிக்கிறவர் இல்லை. ஓரமாக நின்று லீவரைப் பிடிக்கும் ஹாமர் டிரைவர். ஸ்மித் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், சொன்னாலும் கேட்காது. புருவத்தைத் தூக்கினால் ஒரு போடு, முகவாயை ஆட்டினால் ஒரு தட்டு. நல்ல டிரைவருக்குக் காது மேலே இருக்குமாம். கீழே ‘டொம்’ வந்தால் அது சம்பளம். மேலே ‘ஹூம்’ என்று மூச்சுவிட்டால் காற்று சரியாக இருக்கிறது. ‘ஹூம்’ போய் ‘டங்’ வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கசிகிறது. லீவரை விட்டுவிட்டு நகர்ந்துகொள். புதுசாகச் சேர்ந்த பையன்களை முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவைத்து இதைத்தான் கேட்கச் சொல்வார்களாம்.

இதை அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கி இறக்கி, வாயால் ‘ஹூம்’ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டி மா இடித்துக்கொண்டே கேட்டாள். டொம், பொத். டொம், பொத். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. டொம், டக். டொம், டக்.

மாமா பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பாட்டியும் உலக்கையை நிறுத்தினாள்.

“பிரிமணை பிஞ்சு போச்சு மாப்பிள்ளை. வைக்கோல் போருல ரெண்டு பிடி உருவிட்டு வாங்க.”